திருவிதாங்கூர் அரச வம்சம்: தாய்வழியும் பட்ட உரிமையும்

திருவிதாங்கூர் அரச வம்சமாவது, பழைய வேணாட்டு அரசர்களின் வழிவந்து, திருப்பாப்பூர் ஸ்வரூபம் என்னும் குடிப்பெயர் தாங்கி, தெற்கே கன்னியாகுமரி முதல் வடக்கே கொச்சி எல்லை வரை பரந்த நிலப்பரப்பை 1949 வரை ஆண்ட ராஜகுலமாகும். இக்குலத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசர்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி, ஒவ்வொருவரும் செய்த போர்களையும் திருப்பணிகளையும் கூறி அமைவர். ஆயினும் அவ்வரிசையில் ஓர் அரசருக்கும் அவரை அடுத்துவந்த அரசருக்கும் உள்ள உறவு யாது என்று வினவினால், தந்தை–மகன் என்ற விடை ஓரிடத்தும் கிடைப்பதில்லை. தமையனுக்குப்பின் தம்பி, மாமனுக்குப்பின் மருமகன் என்றே அது செல்லும். அவர்களை ஒருவரோடொருவர் பிணைத்த இழை, அவ்வரிசையில் பெயர் பெறாத பெண்மக்கள் வழியே ஓடிற்று. ஆதலின் இவ்வம்சத்தின் மெய்யான கொடிவழியை அறிய விரும்புவோர் தாய்மாரையும் சகோதரிகளையும் முதலில் எழுதிக்கொண்டு, அவர்தம் புதல்வர்களாகவே அரசர்களைப் பின்னர்ச் சேர்த்தல் வேண்டும்.

மருமக்கத்தாயம் எனப்படும் இம்முறைப்படி, குலம் ஒரு தாயின் வயிற்றில் தொடங்கி அவள் புதல்வியர் வயிற்றில் வளர்கிறது. அரசன் இறந்தால் அவனுடைய இளவல், இளவல் இல்லையேல் சகோதரியின் மக்களுள் மூத்தவன் பட்டத்துக்கு உரியவனாவான். அரசனுடைய சொந்தப் புதல்வனோ தன் தாயின் குடும்பத்தைச் சேர்ந்தவனேயன்றி அரச குலத்தைச் சேர்ந்தவன் அல்லன். அரசகுலப் பெண்டிர் ஆற்றிங்கல் ராணிகள் என்று வழங்கப்பெற்றனர். அவருள் வயதில் மூத்தவர் மூத்த ராணி, அடுத்தவர் இளைய ராணி. இவர்களை மணந்த கோயில் தம்புரான்கள் கிளிமானூர், சங்கனாச்சேரி முதலிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வருங்கால அரசனின் தந்தையராக மதிப்புற்றிருந்தும் அரசுரிமையில் அவர்களுக்குப் பங்கில்லை. அரசர்கள் மணந்த மங்கையரோ நாயர் குலத்தினர். அம்மச்சி என்ற பட்டம் பெற்று, அரண்மனைக்குப் புறத்தே அம்மவீடுகளில் வாழ்ந்தனர். அவர்தம் ஆண்மக்கள் தம்பி என்றும் பெண்மக்கள் தங்கச்சி என்றும் அழைக்கப்பட்டனர். திருவனந்தபுரத்தில் இன்றும் பெயர் வழங்கும் அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு என்னும் நான்கு அம்மவீடுகளும் இன்றைய குமரி மாவட்டத்து ஊர்ப்பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

இம்முறை எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிடவில்லை. 1729இல் வேணாட்டு அரசர் ராம வர்மா காலமானபோது, அவருடைய சகோதரியின் மகனாகிய மார்த்தாண்ட வர்மா பட்டமேற்றார். அப்போது ராம வர்மாவின் சொந்தப் புதல்வர்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் தந்தையின் நாடு தமக்கே உரியது என்று கிளர்ந்தெழுந்தனர். அரசனது அதிகாரத்தை ஒடுக்கித் தம் செல்வாக்கைக் காத்துக்கொள்ள முயன்ற எட்டு வீட்டுப் பிள்ளைமாரும் அவர்களுக்குத் துணை நின்றனர். தந்தையின் செல்வத்தை மகன் அடைவதே இயல்பெனக் கருதும் நமக்கு அத்தம்பிமாரின் கோரிக்கை நியாயமாகத் தோன்றக்கூடும். ஆனால் அக்காலத்து வேணாட்டு வழக்கில் அது குலநீதிக்கு நேர் மாறானது. நாகர்கோவில் அரண்மனையில் தம்பிமார் கொல்லப்பட்டனர். பிள்ளைமார் தூக்கிலிடப்பட்டு, அவர்தம் குடும்பங்கள் சிதறுண்டன. மருமகன் உரிமை அன்று இரத்தத்தால் நிலைநாட்டப்பட்டது என்பதை மறைத்துப் பேசுதல் வரலாற்றுக்கு அழகன்று.

மார்த்தாண்ட வர்மாவின் அண்டை நாட்டுப் போர்களுள்ளும் பட்ட உரிமையைப் பற்றியவை பல. தேசிங்கநாடு எனப்பட்ட கொல்லமும், கொட்டாரக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட இளயிடத்து ஸ்வரூபமும் வேணாட்டுக் குலத்தின் கிளைகளே. ஒரு கிளையில் சந்ததி அற்றால் மற்றொரு கிளையினின்றும் தத்தெடுப்பது வழக்கம். கொல்லத்து அரசர் காயங்குளத்திலிருந்து தத்தெடுத்ததைத் தம் உரிமைக்கு ஊறென்று கொண்டு மார்த்தாண்ட வர்மா படையெடுத்தார். பின்னர் இளயிடத்து ஸ்வரூபத்தை அவர் கைக்கொண்டபோது, அந்நாட்டு ராணியின் உரிமையை ஆதரித்து டச்சுக்காரர் தலையிட்டனர். மிளகு வாணிபமே அவர்தம் உட்கருத்தாயினும், வெளிப்படையாக அவர்கள் கையிலெடுத்த காரணம் வாரிசு வழக்கே. அதன் முடிவாகவே 1741 ஆகஸ்டு 10ஆம் தேதி குளச்சல் கடற்கரையில் டச்சுப்படை தோற்றது. அங்குச் சிறைப்பட்ட தெலனாய் என்னும் படைத்தலைவர் பிற்காலத்தில் திருவிதாங்கூர்ச் சேனையையே பயிற்றி வளர்த்தார்.

இங்ஙனம் வாளால் திரட்டிய ராஜ்யத்தை மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் ஸ்ரீ பத்மநாப ஸ்வாமிக்குத் திருப்படித்தானம் செய்தார். குடும்பத்தார் சூழ ஆலயத்துக்குச் சென்று, உடைவாளைச் சந்நிதிப் படியில் வைத்து, நாட்டைப் பெருமாளுக்குச் சமர்ப்பித்துவிட்டு, அவ்வாளையே இறைவனின் அடியவனாக மீண்டும் பெற்றுக்கொண்டார். அது முதல் இக்குலத்து ஆண்மக்கள் பத்மநாபதாசர் என்றும் பெண்மக்கள் பத்மநாபசேவினி என்றும் வழங்கப்பெற்றனர். ஆண்குழந்தை பிறந்து ஓராண்டு நிறைந்ததும் ஆலயத்து ஒற்றைக்கல் மண்டபத்தில் கிடத்தி இறைவனுக்கு அடிமையாக்கும் சடங்கும் நிலைபெற்றது. பட்டமேற்ற அரசன் துலாபுருஷ தானம், ஹிரண்யகர்ப்பம் ஆகிய மகாதானங்களைச் செய்து, அதன் பின்னரே குலசேகரப் பெருமாள் என்ற பட்டத்தைப் பூண்பான். ஹிரண்யகர்ப்பத்தில் பொன்னாற் செய்த பெரும் பாத்திரத்துள் பஞ்சகவ்வியம் நிறைத்து, அரசன் அதனுள் இறங்கி அமர்ந்து, மந்திரங்கள் முழங்க மறுபிறவி எடுத்தவனாய் வெளிப்படுவான். அப்பொன் பின்னர்ப் பிராமணருக்குத் தானமாகும். தாய்வயிற்றால் அரசுரிமை பெற்ற ஒருவன், முழு அரசனாவதற்கு மீண்டும் ஒரு பொன்வயிற்றிற் புகுந்து பிறக்கவேண்டியிருந்தது என்பது இம்மரபின் உள்ளத்தை நன்கு காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது.

பெண்வழியே குலம் நடப்பதனால், ஆண்மக்கள் எத்தனை பேர் இருப்பினும் பெண்மக்கள் இல்லாவிடின் வம்சம் அற்றுப்போகும். அப்போது தத்தெடுக்கப்பட வேண்டியவர்கள் பெண்களே. பழங்காலம் தொட்டே இதற்காக வடமலபாரின் கோலத்துநாட்டு அரச குடும்பத்தை வேணாட்டார் நாடிவந்தனர். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதன்முதல் இரு இளவரசிகள் அங்கிருந்து வந்து ஆற்றிங்கலில் அமர்ந்தனர் என்று சமஸ்தான வரலாறுகள் கூறும். 1718இல் அங்ஙனம் வந்தவர்களுள் ஒருவரின் புதல்வரே, மார்த்தாண்ட வர்மாவுக்குப்பின் 1758 முதல் 1798 வரை நாற்பதாண்டுகள் ஆண்டு தர்மராஜா என்று புகழப்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராம வர்மா. அவர் சிறு குழந்தையாயிருந்தபோது, ராணியின் பரிவாரத்தை வழியிற் பகைவர் தாக்க, கிளிமானூர் கோயில் தம்புரான் ஒருவர் தாம் நின்று போரிட்டு உயிர்துறந்து, தாயையும் சேயையும் தப்பவைத்தார். அத்தியாகத்துக்குக் கைம்மாறாகக் கிளிமானூர்க் குடும்பத்துக்கு நிலமும் உரிமைகளும் வழங்கப்பட்டன.

தர்மராஜாவை அடுத்து வந்த பலராம வர்மாவின் காலம் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியாலும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பிடி இறுகியதாலும் துன்பம் நிறைந்ததாயிற்று. 1810இல் அவர் காலமானபோது, பட்டத்துக்குக் கேரள வர்மா என்னும் இளவரசர் உரிமை கோரினார். அவர் முறைப்படி குலத்தில் சேர்க்கப்பட்டவர் அல்லர் என்று கொண்டு, கம்பெனியின் ரெஸிடெண்டாக இருந்த கர்னல் மன்ரோ அக்கோரிக்கையை ஏற்கவில்லை. குலத்தில் பட்டத்துக்குரிய ஆண்மகன் எவரும் இல்லாமையால், இருபது வயதையொட்டிய கௌரி லக்ஷ்மி பாயி அரியணை ஏறினார். தாய்வழிக் குலத்திலும் அரசாள்வது ஆணே என்றிருந்த வழக்கத்தில் இது ஓர் அரிய நிகழ்ச்சி. 1813 ஏப்ரல் 16ஆம் தேதி அவருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. சில மாதக் குழந்தையாகிய அம்மகவை ராணி தர்பாருக்குக் கொணர்ந்து, கம்பெனியாரின் பாதுகாப்பில் ஒப்புவிப்பதாகக் கூறி மன்ரோவின் கைகளில் வைத்தார். கருவிலேயே அரசனானமையால் கர்ப்பஸ்ரீமான் என்று போற்றப்பட்ட அக்குழந்தையே சங்கீத உலகம் வணங்கும் ஸ்வாதித் திருநாள். இரயிம்மன் தம்பி அவருக்காகப் பாடிய தாலாட்டு இன்றும் கேரளத்துத் தாய்மார் நாவில் உள்ளது. 1815இல் லக்ஷ்மி பாயி மறைந்ததும் அவருடைய தங்கை கௌரி பார்வதி பாயி, தாமே பதின்மூன்று வயதையொட்டிய சிறுமியாயிருந்தும், பிரதிநிதி ராணியாகப் பொறுப்பேற்று 1829 வரை நாட்டை நடத்தினார். 1817இல் கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று அவர் பிறப்பித்த ஆணை, அவருடைய வயதை நினைக்குந்தோறும் வியப்பளிப்பது.

ஸ்வாதித் திருநாள் 1846 வரையிலும், அவருடைய தம்பி உத்திரம் திருநாள் 1860 வரையிலும் ஆண்டனர். இவ்விருவருக்கும் மூத்த சகோதரியான ருக்மிணி பாயியின் புதல்வர்களே அடுத்தடுத்து அரசராயினர்: ஆயில்யம் திருநாள் 1860 முதல் 1880 வரை, விசாகம் திருநாள் 1885 வரை. கும்பகோணத்தவரான டி. மாதவராவ் திவானாக விளங்கியது பெரும்பாலும் முன்னவர் காலத்திலேயாம். ருக்மிணி பாயியின் மகள் லக்ஷ்மி பாயி 1857இல் மூலம் திருநாளைப் பெற்றெடுத்துச் சில நாட்களில் உயிர்நீத்தார். அத்துடன் குலத்தை வளர்க்கும் பெண்மக்கள் இல்லாமற்போயினர். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், தஞ்சை மராத்திய மன்னர் சிவாஜி ஆண் சந்ததியின்றி இறந்தபோது, அவருக்கு மகள் இருந்தும் அக்குலம் அற்றதென்று கம்பெனியார் அறிவித்திருந்தனர். அங்கே மகள் இருந்தும் பயனில்லை. இங்கே ஆண்மக்கள் இருந்தும் போதவில்லை. மாவேலிக்கரையில் குடியேறியிருந்த கோலத்துநாட்டுக் கிளையினின்றும் லக்ஷ்மி பாயி, பார்வதி பாயி என்னும் இரு சிறுமியர் 1857–58இல் ஸ்வீகாரம் செய்யப்பட்டனர். தத்துரிமையை அங்கீகரித்துக் கானிங் பிரபு 1862இல் சன்னது வழங்கினார்.

ஆயினும் அவ்விருவருள் மூத்தவருக்கு மக்கட்பேறு இல்லை. இளையவருக்குப் பெண்மக்கள் இல்லை. மூலம் திருநாள் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் குலம் மீண்டும் அதே நெருக்கடியை அடைந்தது. மூத்த ராணியின் தங்கையை மணந்தவர் ஓவியர் ரவிவர்மா. அவருடைய புதல்வியர் இருவருக்கும் பெண்மகவு வேண்டி, ராணியும் உறவினரும் இராமேசுவரம் சென்று சேதுஸ்நானம் செய்து வழிபட்டனர். அதன்பின் பிறந்த பேத்தியர் இருவருக்கும் சேது என்ற பெயர் முன்னிற்கச் சேது லக்ஷ்மி பாயி, சேது பார்வதி பாயி என்று பெயரிடப்பட்டது. 1900இல், மூத்தவருக்கு ஐந்து வயதும் நிரம்பாத நிலையில், இருவரும் தத்தெடுக்கப்பட்டனர். அடுத்த ஆண்டே வளர்ப்பன்னை மறைந்தமையால், ஆறு வயதும் ஆகாத சேது லக்ஷ்மி பாயி ஆற்றிங்கல் மூத்த ராணி ஆனார். தாயின் மடியினின்றும் எடுக்கப்பட்ட இரு சிறுமியரின் மேல் ஒரு ராஜ்யத்தின் எதிர்காலம் முழுவதும் ஏற்றப்பட்டது. அச்சுமையை வரலாற்றாசிரியர்கள் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

பட்டத்துக்குரிய மகன் இளைய ராணிக்கே பிறந்தார். 1912இல் தோன்றிய சித்திரைத் திருநாள், 1924இல் மூலம் திருநாள் காலமானபோது பன்னிரண்டு வயது நிரம்பாத பாலகர். அவருடைய அன்னை உயிருடன் இருந்தும், குலமுறைப்படி மூத்த ராணியே பிரதிநிதியாதல் வேண்டும் என்று முடிவாகிச் சேது லக்ஷ்மி பாயி 1931 வரை ஆட்சி நடத்தினார். வைக்கம் சத்தியாக்கிரகத்தின் பொருட்டு 1925இல் காந்தியடிகள் வந்தபோது சந்தித்தது அவரையே. பதவியைத் தம் சகோதரியின் மகனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஒதுங்கினார்; சித்திரைத் திருநாள் 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால் அழியாப் புகழ் பெற்றார்.

அரச குலத்தில் இம்முறை நின்ற அந்நாட்களிலேயே குடிமக்களிடையே அது தளர்ந்துகொண்டிருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளருள் மருமக்கள்வழி விளைத்த குடும்பத் துன்பங்களைக் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நூலில் நெஞ்சுருகப் பாடினார். மனைவி மக்களைக் கைவிட்டுச் சொத்தை மருமகனுக்குக் கொடுக்கும் வழக்கத்தின் கொடுமையை அறிய விரும்புவோருக்கு அதனினும் சிறந்த சான்று வேறில்லை. நாயர்களுக்கான சட்டம் 1925இல் பாகப்பிரிவினைக்கு வழிவகுத்தது. கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தபோது தாய்வழிக் கூட்டுக்குடும்பங்களாகிய தறவாடுகளுக்குச் சட்ட வாழ்வு முடிந்தது.

1949 ஜூலை 1ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. சித்திரைத் திருநாள் 1956 வரை ராஜப்பிரமுகராக இருந்தார். அவ்வாண்டு நவம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தபோதும், பழைய தலைநகராகிய பத்மநாபபுரத்து அரண்மனை கேரள அரசின் பராமரிப்பிலேயே நின்றது. 1971இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. எனினும் ஆலயத்தைப் பொறுத்தவரை குலமுறை தொடர்ந்தது. 1991இல் சித்திரைத் திருநாள் மறைந்ததும் தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவும், 2013இல் அவருக்குப்பின் சகோதரி கார்த்திகைத் திருநாள் லக்ஷ்மி பாயியின் மகன் மூலம் திருநாள் ராம வர்மாவும் குலத்தலைவராயினர். ஆலய நிர்வாக உரிமை சித்திரைத் திருநாளுடன் முடிந்ததா என்று எழுந்த வழக்கில், அவ்வுரிமை குல வழக்கப்படி வாரிசுகளைச் சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூலை 13ஆம் தேதி தீர்ப்பளித்தது.