மீந்த கறியும் ஐஸ் பெட்டியும்



போன ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து நாங்கள் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் வீட்டு பிரிட்ஜ் நின்றுபோயிருந்தது. ஃப்ரீசரில் அடைத்து வைத்திருந்த கறி முழுவதும் கெட்டு நாற்றம் எடுத்துவிட்டது. தென்னை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். அப்போது என் உம்மாவின் நினைவு வந்தது. அவர் காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பிடி சோறுகூட மண்ணுக்குப் போனதில்லை.

மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார். விடிந்தால் நீராகாரம். மீன் ஆணம் மீந்தால் மண்சட்டியிலேயே சுண்ட வைப்பார். பெருநாள் கறியை உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் காயப்போட்டு உப்புக்கண்டம் ஆக்குவார். மீன் கருவாடாகும். இதற்கெல்லாம் மேல் மீந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

ஐஸ் நம் நாட்டுக்கு வந்த கதை தெரியுமா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம். ஏற்றியது சுமார் 180 டன், வந்து சேர்ந்தது சுமார் 100 டன். சென்னைக் கடற்கரையில் அந்த ஐஸைச் சேமிக்க 1842இல் ஒரு கட்டடம் எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம். அன்றைக்கு ஐஸ் என்பது வெள்ளைக்காரர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் உரிய பொருள்.

உணவை வேகமாக உறைய வைக்கும் முறையை உருவாக்கியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். கனடாவின் லாப்ரடார் பகுதியில், கடும் குளிரில் பிடித்த மீன் உடனே உறைந்துபோவதையும், பல நாள் கழித்துச் சமைத்தாலும் சுவை மாறாததையும் அவர் கவனித்தார். வேகமாக உறைந்தால் பனித்துகள் சிறிதாக இருக்கும், சதை கிழியாது. மெதுவாக உறைந்தால் துகள் பெரிதாகி, உருகும்போது சாறு வடிந்துவிடும்.

இந்தியாவில் கோத்ரேஜ் 1958இல் பிரிட்ஜ் தயாரித்தது. எங்கள் வீட்டுக்கு அது வந்ததோ 1991இல், தம்பி சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில்.

பிள்ளைகளே, ஒன்றை நினைவில் வையுங்கள். ஃப்ரீசரின் குளிரில் கிருமிகள் பெரும்பாலும் சாவதில்லை, தூங்குகின்றன. குளிர் தணிந்தால் விழித்துக்கொள்ளும். ஆகவே மீந்ததை ஆறியதும், அதிக நேரம் வெளியே வைக்காமல், ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, தட்டையான டப்பாக்களில் வையுங்கள். சீக்கிரம் உறையும். மேலே தேதி எழுதுங்கள். எடுத்ததை நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள். உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

குர்பானி கறியை மூன்று பங்காக்கி, ஒன்று வீட்டுக்கு, ஒன்று சொந்தத்துக்கு, ஒன்று ஏழைகளுக்கு என்று கொடுப்பது நம் வழக்கம். மற்ற இரண்டு பங்கையும் நான் கொடுத்தேன்தான். ஆனால் எங்கள் பங்கில் மீந்ததை உம்மாவாக இருந்தால் மறுநாளே தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்திருப்பார். நான் ஃப்ரீசரில் வைத்துப் பூட்டினேன். புதைத்தது அதைத்தான்.

உங்கள் வீட்டில் உம்மாவோ பாட்டியோ மீந்ததை என்ன செய்வார்கள்? கீழே எழுதுங்கள், படிக்கிறேன்.