கடன் என்னும் முதலீடு

கடன் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவர் கடன் வாங்கியவரே. அவருடைய கவலையைப் பற்றி நம் முன்னோர் எவ்வளவோ கூறியிருக்கின்றனர். கொடுத்தவரைப் பற்றி நாம் அதிகமாக எண்ணுவதில்லை. ஆனால் ஒருவர் வாங்கும் கடன் மற்றொருவர் செய்யும் முதலீடு. நிலத்திலோ கடையிலோ பணத்தைப் போடுவதுபோல, அவர் பிறரது வாக்குறுதியில் தம் பணத்தைப் போடுகிறார். அம்முதலீடு எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு அழிகிறது என்பதை வரலாற்றின் துணைகொண்டு இன்று உங்களோடு ஆராய விழைகிறேன்.

இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அறமாக அளிக்கப்பட்ட பணம் ஊர்ச் சபைகளுக்குக் கடனாகத் தரப்பட்டதை அக்கோயிற் கல்வெட்டுக்கள் தெரிவிக்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அவ்வட்டியைக் கல்வெட்டுக்கள் ‘பொலிசை’ என்று வழங்குகின்றன. பொலிதல் என்றால் செழித்துப் பெருகுதல். கடன் பெற்றவர் கையில் பணம் பொலிந்தால்தான் கொடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதை அச்சொல்லே நமக்கு நினைவூட்டுகிறது.

இவ்வுண்மை மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட களம், இன்று மியன்மார் என வழங்கும் பர்மா நாட்டின் தென்பகுதியாகும். 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னர்க் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. மேல் பர்மாவிலிருந்து உழவர்கள் திரளாக இறங்கி வந்து, ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் அடர்ந்திருந்த காட்டை வெட்டித் திருத்தினர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல் வயல்கள், 1930களில் ஒரு கோடி ஏக்கரை நெருங்கின.

காட்டைக் கழனியாக்குவது எளிய செயலன்று. முதல் விளைச்சலைக் காணும்வரை உழவனுக்கு உணவு வேண்டும், மாடு வேண்டும், விதை வேண்டும், ஆட்களுக்குக் கூலி வேண்டும். இரங்கூனில் இருந்த ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதி வாணிகத்துக்குப் பணம் உதவினவேயன்றி, சேற்றில் நின்ற உழவனை நாடிச் செல்லவில்லை. அவ்விடத்தை நிரப்பியவர்கள் செட்டிநாட்டிலிருந்து கடல் கடந்து சென்ற நகரத்தார்கள்.

அவர்களுடைய தொழில்முறை மாணவர்கள் அறிந்துகொள்ளத் தக்கது. முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். அவருடைய நம்பிக்கைக்குரிய மேலாள் மூன்றாண்டுத் தவணையில் பர்மா சென்று கடையை நடத்துவார். கடையின் முதலில் குடும்பத்துப் பணமும், உறவினர் வைத்த வைப்புத் தொகையும், மகளிரின் சீதனப் பணமும் கலந்திருக்கும். இரங்கூன் மொகல் தெருவில் நகரத்தார் மாதந்தோறும் கூடி, தமக்குள் வழங்கவேண்டிய நடப்பு வட்டியை முடிவுசெய்தனர். 1929-30இல் பர்மா மாகாண வங்கித் தொழில் விசாரணைக் குழு ஆராய்ந்தபோது, அங்கே ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவற்றின் முதல் சுமார் 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உழவர்களிடம் இருந்தது.

இப்பெருந்தொகைக்கு ஈடாக நின்றது யாது? நிலமே. அடமானம் உறுதியாக இருந்ததால் முதலும் பத்திரமாக இருப்பதாகத் தோன்றியது. நெல் விலை நிலைத்து நின்ற காலத்தில் அந்த எண்ணம் பொய்க்கவும் இல்லை. அறுவடை முடிந்தது, நெல் விற்றது, கடன் அடைந்தது, அதே பணம் அடுத்த பருவத்துக்கு மீண்டும் வயலுக்குச் சென்றது.

1930ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் பர்மாவை எட்டியது. நெல் விலை சில மாதங்களில் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. உழவனின் வருவாய் குறைந்தது. கடனோ ஒரு ரூபாயும் குறையவில்லை. வட்டி நின்றது, பின்னர் முதலும் நின்றது. ஈடாக வைத்த நிலங்கள் ஒவ்வொன்றாகக் கடைக்காரர் கைக்கு வந்தன. நெல் விளையும் முதன்மையான பதின்மூன்று மாவட்டங்களில், 1930இல் நகரத்தார் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1938இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று.

இளம் நேயர்களே, இவ்விரண்டு எண்களை மட்டும் படிப்போர் நகரத்தார் பெரும் செல்வம் ஈட்டினர் என்றே எண்ணக்கூடும். நான் அவற்றை நட்டக் கணக்காகவே படிக்கிறேன். அவர்கள் நாடியது நிலத்தையன்று. திரும்பி வந்து மறுபடியும் உலவக்கூடிய பணத்தையே நாடினர். எல்லா ஈடும் ஒரே காலத்தில் கைக்கு வந்தபோது, நிலத்தை விலைகொடுத்து வாங்க எவரும் இல்லை. தனி ஓர் உழவன் தவறினால் காப்பாற்றும் ஈடு, ஊரே தவறும்போது காப்பாற்றுவதில்லை.

மறுபக்கத்தையும் நாம் மறத்தல் ஆகாது. தந்தை காடு வெட்டித் திருத்திய வயலில் மகன் குத்தகைக்காரனாக நின்றான். அவன் துயரத்துக்கு விலை வீழ்ச்சி, அரசு வரி, கடன் ஆகிய மூன்றுமே காரணம். எனினும் அவன் கண்ணுக்குத் தெரிந்தவர் கடையில் அமர்ந்திருந்த அயல்நாட்டவர் ஒருவரே. அதனால் மனக்கசப்பு முற்றியது. 1942இல் ஜப்பானியப் படை முன்னேறியபோது நகரத்தார் பலர் கணக்கேடுகளோடு தாயகம் திரும்பினர். நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நில உடைமையை அரசுடைமையாக்கும் சட்டம் பிறந்தது. பல குடும்பங்களின் பெருமுதல் ஏட்டில் எழுதிய எண்களாகவே நின்றுவிட்டது.

இன்று வங்கிகளின் வழியே அன்றி, முதலீட்டாளர் பலரிடம் திரட்டிய பணத்தை நேரே நிறுவனங்களுக்குக் கடனாகத் தரும் முறை உலகெங்கும் பரவிவருகிறது. அதனைத் தனியார் கடன் என்கின்றனர். மொகல் தெருக் கடைகளுக்கும் அதற்கும் தோற்றத்தில் ஒற்றுமை இல்லை; இயல்பில் ஒற்றுமை உண்டு. அதில் பணம் போட எண்ணுவோர் வட்டி எவ்வளவு என்று முதலில் கேட்கின்றனர். கடன் பெறுபவர் எதனைக்கொண்டு அதனைச் செலுத்துவார், கடன் பெற்ற அனைவரும் ஒரே விலையை நம்பி இருக்கின்றனரா, ஈடு கைக்கு வந்தால் அதனை வாங்குவோர் உளரா என்னும் வினாக்கள் அதற்கும் முன்னர் எழுதல் வேண்டும்.

தமிழில் கடன் என்னும் சொல்லுக்குக் கடமை என்னும் பொருளும் உண்டு. வாங்கியவருக்குத் திருப்பித் தருவது கடன். வாங்குபவரின் வாழ்வு பொலியுமா என்று எண்ணிப் பார்த்துத் தருவது கொடுப்பவரின் கடன். கீழ்ப் பர்மாவின் வரலாற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுவே.