எம்.பி.பி.எஸ். படிக்காமல் வைத்தியம் பார்க்கலாமா? அசாம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது என்ன?

கிராமத்துக்கு வர டாக்டர்கள் தயங்குறாங்க. அப்படியென்றால் மூன்று வருடம் மட்டும் படித்த ஒருவரை அங்கே வைத்தியம் பார்க்க அனுப்பலாமா? அனுப்பலாம் என்று சட்டமே போட்டது அசாம் அரசு. செல்லாது என்றது நீதிமன்றம்.

அசாமில் நடந்தது என்ன?

2004-ல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படி, ஜோர்ஹாட்டில் மூன்றாண்டு டிப்ளமோ படிப்பு தொடங்கியது. முடித்தவர்கள் கிராமங்களில் மட்டுமே பணிபுரியலாம். காயத்துக்குத் தையல் போடலாம், சீழ்க்கட்டியைக் கீறிவிடலாம், பிரசவம் பார்க்கலாம். பட்டியலில் உள்ள நோய்களுக்கு, பட்டியலில் உள்ள மருந்துகளை மட்டும் எழுதலாம். ஆபரேஷன், கருக்கலைப்பு பக்கமே போகக் கூடாது. டவுனுக்கு வந்து போர்டு மாட்டவும் முடியாது.

இதை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கத்தின் அசாம் கிளை வழக்குப் போட்டது. 2014-ல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. 2023 ஜனவரி 24-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மருத்துவப் படிப்பின் தரத்தை நிர்ணயிப்பது மத்திய அதிகாரம், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் மாநிலம் இப்படி ஒரு படிப்பைத் தொடங்க முடியாது என்பதுதான் முக்கியக் காரணம்.

கூடவே இன்னொன்றையும் நீதிமன்றம் தொட்டது. நகரத்தில் இருப்பவருக்கு ஒரு தரம், கிராமத்தில் இருப்பவருக்கு இன்னொரு தரம் என்று பாகுபாடு வரக் கூடாது. நியாயமான கேள்விதான். ஆனால் முழு டாக்டரும் வராமல், இவரும் இல்லாமல் போனால் அந்தக் கிராமத்துக்குக் கிடைக்கும் தரம் எது? இந்தக் கேள்விக்குப் பதில் தீர்ப்பில் இல்லை. அது அரசுகள் சொல்ல வேண்டிய பதில்.

படித்து முடித்தவர்கள் கதி?

அவர்களுக்காக 2015-ல் அசாம் இன்னொரு சட்டம் போட்டது. தனியாகப் பிராக்டிஸ் செய்யும் மருத்துவர் என்ற இடம் போய், சமுதாய சுகாதாரப் பணியாளர் என்ற இடம் வந்தது. இந்தச் சட்டம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம்.

பேர்ல என்ன இருக்கு என்று தோன்றலாம். நிறைய இருக்கு. அவர் எழுதும் சீட்டுக்கு மதிப்பு உண்டா, சிகிச்சையில் தப்பு நடந்தால் பொறுப்பு யாருக்கு, எந்த நோயாளியை எப்போது மேலே அனுப்ப வேண்டும், அவருக்குச் சம்பளமும் பதவி உயர்வும் என்ன... எல்லாமே அங்கீகாரத்தோடு ஒட்டிக்கொண்டவை. வேலையை மட்டும் வாங்கிக்கொண்டு அங்கீகாரம் தராமல் விட்டால், பணியாளரோடு நோயாளியும் சேர்ந்து நட்டாற்றில் நிற்க வேண்டியதுதான்.

இது புதுசா?

இல்லை. தாத்தா பாட்டி காலத்து 'எல்.எம்.பி. டாக்டர்' நினைவிருக்கலாம். எம்.பி.பி.எஸ்.ஸைவிடக் குறைந்த படிப்பு அது. 1946-ல் போர் கமிட்டி அறிக்கை வந்தபோது, நாட்டில் பதிவு பெற்ற சுமார் 47,500 மருத்துவர்களில் ஏறத்தாழ 30,000 பேர் எல்.எம்.பி.க்கள்! இனி ஒரே ஒரு வகை டாக்டர் போதும் என்றது கமிட்டி. அந்தப் படிப்பு மெல்ல மறைந்தது.

சத்தீஸ்கரும் 2001-ல் மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கி, பிறகு நிறுத்திவிட்டது. படித்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியமர்த்தப்பட்டார்கள். அங்கே 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, பொதுவான நோய்களைக் கையாள்வதில் இவர்கள் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு இணையாக இருந்ததாகச் சொன்னது. எல்லா நோய்க்கும் இது பொருந்தும் என்று அர்த்தமில்லை. முதல்நிலை சிகிச்சைக்கு மட்டும்தான்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 32-ல் 'சமுதாய சுகாதார வழங்குநர்' என்றொரு பிரிவினருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தர இடம் இருக்கிறது. முதல்நிலை சிகிச்சையிலும் நோய்த்தடுப்பிலும் குறிப்பிட்ட மருந்துகளைத் தாங்களே எழுதலாம். மற்றபடி டாக்டரின் மேற்பார்வை தேவை. இவர்களின் எண்ணிக்கை, உரிமம் பெற்ற டாக்டர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. போலி டாக்டர்களுக்கு வழிவிடும் என்று சொல்லி, அந்த ஆண்டு ஜூலை 31-ல் டாக்டர்கள் நாடு முழுக்க ஸ்ட்ரைக் செய்தார்கள்.

இன்னொரு பக்கம், 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், நர்சிங் படித்து ஆறு மாதக் கூடுதல் பயிற்சி பெற்றவர்கள் துணை சுகாதார நிலையங்களில் உட்கார்ந்துவிட்டார்கள். பிரஷர், சுகர் நோயாளிக்கு முதலில் மருந்து எழுதுவது டாக்டர். அதை மாதாமாதம் கொடுப்பதும், அளவு கூடினால் திரும்ப டாக்டரிடம் அனுப்புவதும் இவர்கள் வேலை.