தங்கவயலின் சயனைடு மேடுகளும் ஒரு ஈஸ்டும்

பெங்களூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது பங்காருப்பேட்டை வரும். அங்கே பிரியும் கிளைப்பாதை மாரிக்குப்பம் வரை, அதாவது கோலார் தங்கவயலுக்குள் போகிறது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து நமக்கு நூறு வருஷம் முன்னாலேயே பிழைக்கப் போனவர்களின் ஊர் அது.

1887-ல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அரைத்த பாறைத்தூளை சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து வந்துவிடும். உலகமெங்கும் சுரங்கங்கள் இதைப் பிடித்துக்கொண்டன, கோலார் உட்பட. தங்கம் லண்டன் போனது. சக்கை ஊரிலேயே தங்கியது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபோது மிஞ்சியவை 13 மேடுகள், சுமார் 3.3 கோடி டன். காற்றடித்தால் அந்தத் தூசு வீட்டுக்குள் வரும்.

இதே முறையில் தங்கம் எடுத்த இன்னொரு சுரங்கம் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் இருந்த ஹோம்ஸ்டேக். அதன் கழிவுநீர் ஒயிட்வுட் ஓடையைக் கெடுத்தது. 1984-ல் அங்கே கழிவுநீரில் சுழலும் பெரிய வட்டுகளில் பாக்டீரியாவை வளர்த்தார்கள். அது சயனைடைத் தின்று அம்மோனியாவாக்கியது. அடுத்த கட்டத்தில் வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட் ஆக்கின. ஓடைக்கு ட்ரவுட் மீன்கள் திரும்பின.

விஷத்தை எப்படித் தின்கிறது? சயனைடு என்பது ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்ததுதான். மரவள்ளிக் கிழங்கிலேயே அது உருவாகிறது. நுண்ணுயிருக்கு அந்த நைட்ரஜன், நம் வயலுக்கு யூரியா மாதிரி.

ஆனால் நிக்கல் போன்ற உலோகத்தோடு ஒட்டிக்கொண்ட சயனைடு லேசில் உடையாது. 2002-ல் தென் கொரிய ஆய்வாளர்கள் கோக் ஆலைக் கழிவுநீரில் கிரிப்டோகாக்கஸ் ஹியூமிகோலஸ் என்ற ஈஸ்டைப் பிடித்தார்கள். ரொட்டி ஈஸ்டுக்கு தூரத்துச் சொந்தம். நிக்கல்-சயனைடையும் அது உடைத்தது.

ஈஸ்ட் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. அது நீருக்கான வைத்தியம். தூசியை அடக்காது, ஆர்சனிக்கை அழிக்காது, சிலிகோசிஸ் வந்த நுரையீரலை மீட்காது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அந்த 13 மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எவ்வளவு தங்கம் வரும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். கழிவுநீரை என்ன செய்வீர்கள் என்று ஊர்க்காரர்கள் முதல் நாளே கேட்க வேண்டும். சென்ற முறை கேட்க ஆளில்லை, விடையும் இல்லை. இந்த முறை விடை இருக்கிறது.