கறுப்பின வரலாற்றுக் கல்வி

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் சரித்திரத்தையும் அவர்தம் வழித்தோன்றல்களின் சரித்திரத்தையும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர்களுக்குப் போதிக்கும் முறை இப்பெயரால் வழங்குகிறது. பல இனத்தவர் கூடி வாழும் தேசத்தில் பிறரை மதிக்கும் பண்பை இளமையிலேயே ஊட்டுவதற்கு இது உற்ற சாதனம் என்று கல்வியாளர் பலர் கருதுகின்றனர். ஆயினும் அரசாங்கத்தாரின் பெருந்தன்மையால் இது பள்ளிக்குள் வந்துவிடவில்லை. அதிகாரிகளின் கண்ணுக்குத் தப்பியும், சில வேளை அவர்களுடைய தடியடிக்கு உட்பட்டும், உபாத்தியாயர்களும் மாணாக்கர்களும் உள்ளே கொண்டுவந்த பாடம் இது.

இக்கல்விக்கு அடிகோலியவர் கார்ட்டர் ஜி. உட்சன் (1875–1950). முன்னாள் அடிமைகளுக்கு மகனாக வர்ஜீனியாவில் பிறந்து, மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்து, ஏறக்குறைய இருபதாம் வயதில்தான் உயர்நிலைப் பள்ளியின் வாசலை மிதித்த இவர், 1912-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1915-இல் சிக்காகோவில் நீக்ரோ வாழ்க்கை, வரலாற்று ஆராய்ச்சிச் சங்கத்தை ஸ்தாபித்து, அடுத்த ஆண்டே ஆராய்ச்சிச் சஞ்சிகை ஒன்றையும் தொடங்கினார். அடிமைகள் தம் நிலையில் திருப்தியுற்றிருந்தனர் என்றும், விடுதலைக்குப் பின் அவர்களுக்கு வாக்குரிமை தந்ததே பிழை என்றும் பாடநூல்கள் கூசாமல் எழுதிவந்த காலம் அது. இப்பொய்களை வரலாற்றாசிரியர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் 1935-இல் வெளியிட்ட தம் பெருநூலின் கடைசி அத்தியாயத்தில் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். பண்டிதர்களுக்கு மட்டும் எழுதினால் இந்நிலை மாறாது என்பதை, தாமே பல்லாண்டு பள்ளி ஆசிரியராக இருந்த உட்சன் நன்கு உணர்ந்திருந்தமையால், 1926 பிப்ரவரியில் ‘நீக்ரோ வரலாற்று வாரம்’ ஒன்றை ஏற்படுத்தினார். ஆபிரகாம் லிங்கன் பிறந்த 12-ஆம் தேதியும், அடிமை ஒழிப்புப் போராளி பிரெடரிக் டக்ளஸ் தம் பிறந்தநாளாகக் கொண்ட 14-ஆம் தேதியும் கறுப்பு மக்களிடையே முன்பே விழாவாக நிலைபெற்றிருந்தன. புதிதாக ஒரு பண்டிகையைத் திணிக்காமல், இருந்த வழக்கத்தின்மேல் கட்டியதே அவருடைய சாமர்த்தியம். பள்ளிகளுக்கென்றே 1937-இல் அவர் ஒரு மாதப் பத்திரிகையும் தொடங்கினார். அந்த வாரம் 1976-இல் மாதமாக விரிவடைந்தது. ஆண்டுக்கொரு முறை நினைவுகூர்ந்தால் போதும் என்பதன்று உட்சனின் எண்ணம். ஆண்டு முழுவதும் நடக்கவேண்டிய பாடத்துக்கு அதை ஒரு தோரணவாயிலாகவே அவர் கருதினார்.

தென் மாநிலங்களில் இப்பாடத்தை நடத்துவதற்குத் துணிவு வேண்டியிருந்தது. லூயிசியானாவின் மின்டன் நகரில், 1930-களில், கறுப்பு மாணாக்கர் பள்ளியின் இளம் ஆசிரியை ஒருவர், கல்வி அதிகாரிகள் விதித்த பாடக்குறிப்பை மேசைமேல் விரித்துவைத்து, உட்சனின் நூலை மடியில் வைத்து வாசிப்பார். தலைமையாசிரியர் உள்ளே வந்தால் கண்கள் மேசைக்கு ஏறும், அவர் போனபின் மடிக்கு இறங்கும். இதை நினைவில் வைத்துப் பின்னாளில் சொன்னவர் அவ்வகுப்பில் இருந்த ஒரு மாணாக்கர்.

மிசிசிப்பியில் 1964-ஆம் ஆண்டுக் கோடையில் குடிமை உரிமை இயக்கத்தார் நாற்பதுக்கும் மேற்பட்ட ‘சுதந்திரப் பள்ளி’களை நடத்தியபோது மடியில் மறைந்திருந்த பாடம் வெளிப்படையாயிற்று. பிலடெல்பியாவிலோ மாணாக்கர்களே முன்வந்தனர். 1967 நவம்பர் 17-ஆம் தேதி சுமார் 3,500 பேர் வகுப்புகளை விட்டு வெளியேறி, கறுப்பின வரலாற்றைப் பாடமாக வைக்கவேண்டுமென்று கல்விச் சபையின் தலைமையகத்தின்முன் திரண்டனர். உள்ளே மாணவப் பிரதிநிதிகளோடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்க, வெளியே போலீசார் தடிகளைச் சுழற்றினர். அந்நகரப் பள்ளிகளில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, எவ்வினத்து மாணாக்கரும் தேறியே தீரவேண்டிய பாடமானது 2005-இல்.

போதனா முறையைப் பற்றி அபிப்பிராய பேதங்கள் உண்டு. மகாபுருஷர் சிலரின் சரித்திரத்தைச் சொல்லிக் கைதட்டவைப்பது எளிது. ஆனால் மதிப்பு என்பது மூல ஆவணங்களை நேரே படிக்கும்போதுதான் வேரூன்றுகிறது என்று கொள்ள இடமுண்டு. உதாரணமாக, தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தரக் கோரி எஜமானர் பத்திரிகையில் இட்ட விளம்பரம் பல வகுப்புகளில் வாசிக்கப்படுகிறது. அவன் தச்சுவேலை அறிந்தவன், எழுத்தறிவுள்ளவன், முதுகில் சவுக்குத் தழும்பு உடையவன், மனைவி இருக்கும் ஊரை நோக்கிப் போயிருக்கக்கூடும் என்றெல்லாம் அடையாளம் சொல்லும் எஜமானர், அடிமைகள் திருப்தியுற்றிருந்தனர் என்ற கூற்றைத் தம்மையறியாமலே பொய்யாக்கிவிடுகிறார். அடிமை ஏலத்தை வகுப்பில் நாடகமாக நடிக்கச் செய்யும் வழக்கமோ, கறுப்புப் பிள்ளைகளை அவமானத்துக்கு உள்ளாக்குவதால், கடுங்கண்டனத்துக்கு ஆளாகியிருக்கிறது.

அரசாங்கங்களின் போக்கும் ஒரே சீராக இல்லை. புளோரிடா மாநிலம் கறுப்பின வரலாற்றைப் பள்ளிகளில் கற்பிக்கவேண்டும் என்று 1994-இல் சட்டம் இயற்றிற்று. உயர்நிலைப் பள்ளிகளுக்கெனக் காலேஜ் போர்டு என்னும் கல்வி அமைப்பு வகுத்த ஆப்பிரிக்க அமெரிக்கவியல் உயர்தரப் பாடத்தை 2023 ஜனவரியில் நிராகரித்ததும் அதே மாநிலமே. அப்பாடம் 2024-ஆம் கல்வியாண்டில் பிற மாநிலங்களில் முறைப்படி தொடங்கப்பெற்றது.