கைமாறிக் கைமாறி வந்த கொடி

தென் பசிபிக்கில், தாஹிட்டித் தீவுக்குப் பக்கத்தில் மோரேயா என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. எரிமலையால் உருவான தீவு. செங்குத்தான மலைகளும் ஈரம் காயாத காடுகளும் நிறைந்தது. நம் வீட்டு ஜன்னல் கம்பியிலும் அலமாரி மேல் பாட்டிலிலும் படர்கிற மணி பிளான்ட்டுக்குப் பிறந்த மண் அதுதான். அங்கே அது மரத்தைப் பற்றிக்கொண்டு 20 மீட்டர் உயரம்வரை ஏறும் பெருங்கொடி. மேலே போகப் போக இலை பெருக்கும். முற்றிய கொடியில் ஒரே இலை ஒரு மீட்டர் நீளத்தைத் தொடும்; காற்றில் கிழிந்த வாழையிலைபோல ஓரங்கள் பிளந்திருக்கும். வீட்டுக்குள் உள்ளங்கை அளவு இலையை மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டும் ஒரே செடி என்றால் நம்பவே முடியாது.

காட்டிலிருந்து அதை உலகம் சுற்ற வைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் செடி மோகம். பணக்காரர்கள் கண்ணாடி வீடு கட்டி, உள்ளே சூடேற்றி, வெப்ப நாட்டுச் செடிகளை வளர்த்த காலம் அது. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பெரிய நர்சரி நடத்திய ஜான் லிண்டன் அந்த வியாபாரத்தில் முன்னணியில் இருந்தவர். அவரும் பிரெஞ்சுத் தோட்டக்கலைஞர் எதுவார் ஆந்த்ரேயும் 1880-ல் இந்தக் கொடியை ‘போத்தோஸ் ஆரியஸ்’ என்ற பெயரில் உலகுக்கு அறிமுகம் செய்தார்கள். பச்சை இலையில் தங்க மஞ்சள் தீற்றல் ஓடியது வாங்குவோரின் கண்ணைப் பறித்தது. சாலமன் தீவுகளைச் சேர்ந்த செடி என்றே வெகுகாலம் தோட்டக்கலை நூல்கள் எழுதிவந்தன. மோரேயாதான் அதன் ஊர் என்பது பிற்பாடு தெளிவானது.

எந்தச் செடிக்கு எது உறவு என்று முடிவுகட்டத் தாவரவியலாளர்கள் முதலில் பார்ப்பது பூவை. இந்தக் கொடியோ பூக்கவே இல்லை. இலையையும் தண்டையும் வைத்துக்கொண்டு இதன் இனத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. 1908-ல் தாவரவியலாளர் எங்லர் இதை வேறு பேரினத்துக்கு மாற்றினார். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடாவில் இது அபூர்வமாகப் பூத்தபோதுதான் பிடி கிடைத்தது. 1963-ல் ஒரு மாற்றம், 1964-ல் இன்னொன்று. அப்படி வந்து நிலைத்ததுதான் இன்றைய அறிவியல் பெயரான ‘எபிப்ரெம்னம் ஆரியம்’.

அதன் பிறகு தானாகப் பூத்ததாக ஆய்வாளர்களிடம் பதிவு இல்லை. காரணம் 2016-ல் தெரியவந்தது. பூப்பதற்குத் தூண்டுதல் தருகிற ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனை இந்தச் செடியால் போதிய அளவு உண்டாக்க முடிவதில்லை. அதைத் தயாரிக்க வேண்டிய மரபணு ஒன்று செயல்படுவதில்லை. ஜிப்பரெல்லினை வெளியிலிருந்து தெளித்தபோது கொடி பூத்தது. ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியான அந்த ஆய்வு, இந்தச் செடியின் மொத்த வாழ்க்கைக்கும் விளக்கம் சொல்கிறது.

பூ இல்லையென்றால் விதை இல்லை. விதை இல்லாத செடியைக் காற்றோ பறவையோ கடல் தாண்டிக் கொண்டுபோக முடியாது. நம் வீடுகளில் இருக்கும் மணி பிளான்ட் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வெட்டி இன்னொருவருக்குத் தந்த தண்டிலிருந்து வந்தது. அந்தச் செடியும் அப்படியே. அதற்கு முந்தையதும் அப்படியே. மனிதக் கையை நம்பியே ஒரு கொடி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

வெப்ப நாடுகளுக்கு வந்தபோது அதற்குக் கண்ணாடி வீடு தேவைப்படவில்லை. நம் ஊர் வெயிலும் ஈரக்காற்றுமே போதுமானதாக இருந்தன. செல்வம் தரும் கொடி என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. வீட்டின் தென்கிழக்கில், அக்கினி மூலையில் வைப்பவர்கள் உண்டு. திருடிக்கொண்டு வந்து வைத்தால்தான் செழிக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. திருட வேண்டியதே இல்லை. “அக்கா, அந்தக் கொடியில ஒரு துண்டு குடுங்களேன்” என்று கேட்டால் மறுப்பவர்கள் அரிது.

அந்த ஒரு துண்டில் பார்க்க வேண்டியது கணு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பழுப்பு நிறத்தில் சின்ன முண்டு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அது காற்றுவேரின் முளை. அதற்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். கணு இல்லாத வெறும் இலையைத் தண்ணீரில் வைத்தால் வாரக்கணக்கில் பச்சையாக நிற்கும், சில சமயம் வேர்கூட விடும். ஆனால் புதுத் தளிர் வராது. கணு தண்ணீருக்குள் முங்கியிருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முண்டு வெடித்து வெள்ளை வேர்நுனி எட்டிப் பார்க்கும். சில நாளில் அது நீண்டு, பக்கவாட்டில் மெல்லிய கிளைவேர்கள் விடும். தண்ணீருக்குள் இலை இருந்தால் அழுகும், கிள்ளிவிடுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கி நிற்கும் சுத்தமான தண்ணீரைத்தான் தேடும். மணி பிளான்ட் பாட்டில் அதற்குத் தோதான இடம். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாளில் வளர்ந்துவிடும். எனவே வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டி மாற்ற வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டிலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் சாகாது. பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலின் வாயைச் சுற்றிப் பஞ்சு அடைப்பதும் நல்லது.

மண்ணுக்கு மாற்றுவதானால் வேர் இரண்டு மூன்று அங்குலம் வந்ததுமே மாற்றிவிட வேண்டும். தண்ணீரிலேயே நெடுநாள் பழகிய வேர், மண்ணில் திணறும். செம்மண்ணோடு தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து, தண்ணீர் தேங்காதபடி கொஞ்சம் மணல் சேர்த்தால் போதும். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். இந்தச் செடி பெரும்பாலும் தாகத்தால் சாவதில்லை. அளவு மீறிய தண்ணீரால் சாகிறது. விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடி இலைகள் வரிசையாக மஞ்சளாகி, மண்ணிலிருந்து புளித்த வாடை வந்தால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. அப்போது செய்ய வேண்டியது, நல்ல தண்டை வெட்டியெடுத்து மறுபடி தண்ணீரில் வைப்பதுதான்.

நேர் வெயில் இலையைக் கருக்கும். இருட்டு அறையில் உயிரோடு இருக்கும், ஆனால் தங்கத் தீற்றல் மங்கிப் பச்சையாகிவிடும். மஞ்சள் பகுதியில் பச்சையம் குறைவு என்பதால், வெளிச்சம் பற்றாதபோது பச்சை கூடிய இலைகளே முந்திக்கொள்கின்றன. கிழக்கு ஜன்னலுக்குச் சற்றுத் தள்ளிய இடம் இதற்குத் தோதானது. இலைக்காம்பின் இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தால் வேப்பெண்ணெயோடு துளி சோப்புக் கரைசல் கலந்து துடையுங்கள்.

தொங்கவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் தொங்கும் கொடியில் இலைகள் சிறுத்தே இருக்கும். நீளம் கூடக் கூடக் கணுக்களுக்கு இடையே வெறும் தண்டு தெரியும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டு அடர்த்தியாகும். அதே கொடிக்குத் தென்னை நார் சுற்றிய கோல் ஒன்றை நட்டு, நாரை ஈரமாக வைத்திருங்கள். காற்றுவேர்கள் நாரைப் பற்றும். அடுத்தடுத்து வரும் இலை ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக வரும். தோட்டத்து மாமரத்தில் ஏறிய மணி பிளான்ட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். காட்டில் மரம் தந்த பிடிமானத்தை வீட்டில் ஒரு கோல் தருகிறது.

இது சேம்புக் குடும்பத்துச் செடி. சேனைக்கிழங்கு நறுக்கும்போது கையை அரிக்க வைக்கிற கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. குழந்தையோ நாயோ பூனையோ கடித்தால் வாய் எரிந்து வீங்கும். எட்டாத உயரத்தில் வையுங்கள்.

காற்றைச் சுத்தமாக்கும் என்று சொல்லி இதை விற்கிறார்கள். 1989-ல் நாசாவுக்காக பில் வோல்வர்டன் செய்த சோதனையிலிருந்து வந்த பேச்சு அது. மூடிய சிறு பெட்டிக்குள் நடந்த சோதனை அது. வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. 2019-ல் வந்த ஆய்வொன்று, சாதாரணக் கட்டடத்தில் காற்று வந்துபோவதற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவை என்று கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்து வைப்பதே மேல். ஆனால் விஞ்ஞானிகள் இந்தக் கொடியை விட்டுவிடவில்லை. 2018-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முயலின் மரபணு ஒன்றை இதற்குள் செலுத்தினார்கள்; மாற்றப்பட்ட செடி குடுவைக்குள் இருந்த பென்சீனையும் குளோரோஃபார்மையும் குறைத்தது.

கைமாறி உலகம் சுற்றிய இந்தக் கொடியின் பயணத்தில் கேடும் நேர்ந்திருக்கிறது. இலங்கையில் கண்டி நகரத்தை ஒட்டிய உடவத்தகெலே காட்டில் இந்தக் கொடி புகுந்து, தரையை மூடி, மரங்களில் ஏறி, அங்கே இயல்பாக முளைக்கும் நாற்றுகளுக்கு இடமில்லாமல் செய்திருக்கிறது. ஒரு விதைகூட இல்லாமல் இவ்வளவும் நடந்தது. வீசியெறிந்த ஒரு கணு மண்ணில் வேர் பிடித்தால் போதும். மனிதக் கையால் பரவிய செடி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கும் மனிதரே பொறுப்பு.

அதனால் கொடியைக் கத்தரிக்கும்போது வெட்டிய தண்டுகளைக் காட்டோரத்திலோ ஓடைக்கரையிலோ குளக்கரையிலோ போடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு குப்பையில் சேருங்கள். அதைவிட நல்லது, கேட்பவருக்குக் கொடுப்பது. ஒரு கணு போதும் என்றாலும் இரண்டு மூன்றாக வெட்டிக் கொடுங்கள். ஒன்று அழுகினாலும் மற்றது பிடிக்கும். வாரம் ஒரு முறை பாட்டிலைத் தேய்த்துக் கழுவச் சொல்லியும் அனுப்புங்கள்.