வாணமும் வானமும்: ஒரு சொல்லின் போரும் வேடிக்கையும்

ஆசிரியப் பணியின் தொடக்கக் காலத்தில் நாம் திருத்திய கட்டுரை ஒன்றில், மாணவர் ஒருவர் ‘வானவேடிக்கை’ என்று எழுதியிருந்தார். இரண்டு சுழி னகரத்தை அடித்துவிட்டு, மூன்று சுழி ணகரத்தைச் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தோம். “வானத்தில்தானே ஐயா வெடிக்கிறது?” என்று அவர் கேட்டார். “அகராதியில் அப்படித்தான் இருக்கிறது” என்றோம். அது விடையன்று, வாயடைப்பு. அன்று சொல்லத் தவறிய காரணத்தை இங்குச் சொல்ல விழைகிறோம். அதற்கு முதலில் ஓர் ஆங்கிலக் கடற்கரை ஊருக்குச் சென்று வரவேண்டும்.

இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில், வடகடலை நோக்கி அமைந்தது குரோமர். நண்டுக்குப் பெயர்பெற்ற மீனவர் ஊர். 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் உழைப்பாளர்க்கு ஓய்வுநாள் தந்தது. 1877-இல் இருப்புப்பாதை இவ்வூரை எட்டியது. 1901-இல் இன்றுள்ள கடற்பாலம் திறக்கப்பட்டது. விடுமுறையும் தொடர்வண்டியும் சேர்ந்தே இத்தகைய ஊர்களைக் களியாட்ட ஊர்களாக்கின. ஆகஸ்ட்டு மாதத்தில் நிகழும் குரோமர் கார்னிவலில் வானூர்திச் சாகசமும் வாணவேடிக்கையும் பெருங்கூட்டத்தை ஈர்த்துவந்துள்ளன. ‘கார்னிவல்’ என்னும் சொல்லே இறைச்சியை விலக்கும் நோன்புக்கு முந்தைய கொண்டாட்டத்தைக் குறித்த இத்தாலியச் சொல். ஆகஸ்ட்டு விழாவுக்கும் அந்நோன்புக்கும் தொடர்பில்லை. சொல் தன் பிறப்பை மறந்து பயணம் செய்துள்ளது.

இவ்விரு காட்சிகளுக்கும் கடற்கரை ஏற்ற இடமாக அமைவதற்குக் காரணம் அழகு மட்டுமன்று. எரிந்த வாணத்தின் எச்சம் நீரில் விழும். வானூர்தி மக்களின் தலைக்கு மேலன்றி அலைகளுக்கு மேல் சுழலும். 2015 ஆகஸ்ட்டு 22 அன்று ஷோரம் என்னும் மற்றொரு கடற்கரை ஊரில், வானூர்திக் காட்சியின்போது பழைய ஹண்டர் போர்விமானம் ஒன்று நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் மாண்டனர். வேடிக்கை காட்டுவது போர்க்கருவிதான் என்பதை அந்நாள் நினைவூட்டியது.

குரோமர் வானில் பலமுறை பறந்த பிரிட்டிஷ் அரச விமானப்படைக் குழுவின் பெயர் ‘ரெட் ஏரோஸ்’, அதாவது சிவப்பு அம்புகள். 1965 முதல் காட்சி நிகழ்த்திவரும் இக்குழு, பொதுவாக ஒன்பது பயிற்சி ஜெட் விமானங்களில் பறக்கிறது. வெப்பமான வெளியேற்றக் காற்றில் டீசலையும் சாயத்தையும் செலுத்திச் சிவப்பு, வெள்ளை, நீலப் புகைக்கோடுகளை வரைகிறது. இத்தாலிய விமானப்படைக் குழுவும் ‘மூவண்ண அம்புகள்’ என்றே பெயர் பூண்டுள்ளது. விரைந்து செல்லும் கூரிய பொருளைக் கண்டவுடன் மனித மனம் அம்பை நினைக்கிறது.

தமிழும் அவ்வாறே நினைத்தது. வாணம் என்பது வானத்திலிருந்து பிறந்த சொல் அன்று. அம்பைக் குறிக்கும் ‘பாணம்’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். பிம்பம் ‘விம்பம்’ என வழங்குவதுபோல், பாணம் ‘வாணம்’ ஆயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இவ்வழியையே காட்டுகிறது. வடஇந்தியாவில் போரில் எறியப்பட்ட எரிவாணத்திற்கு ‘பான்’ என்று பெயர். அதுவும் அதே வேர். ஐரோப்பியர் வேறொன்றைக் கண்டனர். ‘ராக்கெட்’ என்பதன் இத்தாலிய மூலம், நூற்பதற்குப் பஞ்சு சுற்றும் கோலின் பெயர். அங்கு வடிவம் பெயராயிற்று. இங்குப் பாய்ச்சல் பெயராயிற்று.

அப்பாய்ச்சல் விழாவுக்கும் போருக்கும் பொதுவாக இருந்தது. 1520-ஐ ஒட்டி விசயநகரத்தைக் கண்ட போர்ச்சுகீசியர் தொமிங்கோ பாயிசு, நவராத்திரி விழாவின் வாணங்களை வியந்து எழுதினார். 1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலேய கும்பினிப் படையை வென்ற மைசூர்ப் படையிடம், வெடிமருந்து அடைத்த இரும்புக் குழாயை மூங்கிற்கழியில் கட்டிய வாணங்கள் இருந்தன. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டே வில்லியம் காங்கிரீவ் இங்கிலாந்தில் போர் ராக்கெட்டுகளை உருவாக்கினார். 1806-இல் அவை பிரான்சின் பூலோன் துறைமுகத்தின்மீது ஏவப்பட்டன. தமிழ் மண்ணில் பாய்ந்த வாணத்தின் உறவினர் இவ்வாறு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தனர்.

இனி ‘வாணவேடிக்கை’ என்னும் தொகைச்சொல்லைப் பாருங்கள். முன்பாதி அம்பு, பின்பாதி கண்டு மகிழும் காட்சி. கொல்லும் கருவி களிக்கும் காட்சியான வரலாறு முழுவதும் இவ்வொரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. ணகரத்தை இழந்தால் அவ்வரலாற்றின் முன்பாதி அழிந்துவிடும். நம் மாணவர் நாள்தோறும் கேட்கும் மலாய்மொழி இதே காட்சியை ‘பூங்ஙா ஆப்பி’, அதாவது தீப்பூ என்கிறது; சீனம் ‘யென்ஹுவா’, அதாவது புகைப்பூ என்கிறது. அவை மலர்வதைக் கண்டன. தமிழ் பாய்வதைக் கண்டது. பிற்காலத்தில் ‘ஏவுகணை’ என்ற சொல்லை ஆக்கியவர்களும் அம்பையே நாடினர். கணை என்றாலும் அம்புதான்.

அப்படியாயின், அம்மாணவர் செய்தது அறியாமையா? அன்று. பேச்சில் ணகர னகர வேறுபாடு மங்கிவிட்டது. வாணம் என்ற தனிச்சொல்லும் அருகிவிட்டது. பொருள் விளங்காத பகுதிக்கு விளங்கும் பொருளைத் தந்து சொல்லை மீட்க அவர் முயன்றார். மொழிகள் பலவற்றிலும் மக்கள் செய்துவரும் வேலை அது. பிழையைத் திருத்துவது ஆசிரியர் கடமை. பிழைக்குப் பின்னுள்ள அறிவைக் காண்பதும் அவர் கடமையே. முதலாவதைச் செய்தோம், இரண்டாவதைத் தவறவிட்டோம்.

இன்று அம்மாணவர் அதே வினாவைக் கேட்டால், குரோமர்க் கடற்கரையைக் காட்டுவோம். பகலில் வானூர்திகள் நிகழ்த்துவது வான்சாகசம். அங்கு வான் இருக்கிறது, இரண்டு சுழி போதும். இரவில் அதே வானில் வெடிப்பது வாணவேடிக்கை. அங்கு ஓர் அம்பு இருக்கிறது, மூன்று சுழி வேண்டும்.